குடியை நிறுத்தினால் அடி நிற்குமா?

மலர்க்கொடி:
மதுக்கடைகளை மூடினாலே பாதி வீடுகளில் அடிதடி நின்றுவிடும் என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என் கட்சியும் அதுதான். எங்கள் தெருவில் சனிக்கிழமை சம்பள நாள். பொழுது சாய்ந்ததுமே பெண்கள் அரிவாள்மணையைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, தூங்குவதற்குப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை விற்பனையையும் அரசே நடத்துகிறது. மூட வேண்டியதும் அரசுதானே?

செந்தில்:
அக்கா, 2020 ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலில் நாட்டில் பெரும்பாலான இடங்களில் மதுக்கடைகள் மூடிக் கிடந்தன. அந்த மாதம்தான் வீட்டு வன்முறைப் புகார்கள் கூடி, தேசிய மகளிர் ஆணையம் தனியாக ஒரு வாட்ஸப் எண் கொடுத்தது. குடித்தவன் கடையில் பாட்டில் எடுத்துக் கொடுப்பவரை அடிப்பதில்லை, வழியில் நிற்கும் போலீஸ்காரரையும் அடிப்பதில்லை. தள்ளாடிக்கொண்டே வீடு வந்து மனைவியைத்தான் அடிக்கிறான். யாரை அடித்தால் கேட்க நாதியில்லை என்பது போதையிலும் அவனுக்குத் தெரிகிறது.

மலர்க்கொடி:
ஊரடங்கில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை, எல்லோரும் ஒரே அறைக்குள். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பீகாரில் 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்தது. அதற்குப் பிறகு கணவன்மாரின் வன்முறை குறைந்தது என்று 2024-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் ஆய்வே வெளிவந்தது.

செந்தில்:
அதே பீகாரில், 2022 டிசம்பரில், சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் குடித்து 70 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வீட்டுப் பெண்களையும் கணக்கில் சேருங்கள்.

ரெஜினா:
குடிநோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கணவர் அடிக்கடி போதையாகும் பெண்களில் சுமார் 70 சதவீதம் பேர் அவரிடம் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். கணவர் குடிக்கவே குடிக்காதவர் என்றாலும் 20 சதவீதத்துக்கு மேல். குடி அடியைப் பல மடங்காக்குகிறது, ஆனால் குடி இல்லாத வீட்டிலும் அடி இருக்கிறது.

“குடிக்காதப்போ தங்கமான மனுஷன் சிஸ்டர்” என்று வார்டில் சொல்வார்கள். தனியாக உட்கார வைத்து, குடிக்காத நாளில் என்ன நடக்கும் என்று கேட்பேன். போனை வாங்கிப் பார்ப்பார், அம்மா வீட்டுக்கு விட மாட்டார், மகளிர் உரிமைத் தொகை வந்த அன்றே கேட்டு வாங்கிக்கொள்வார். அடி விழாததால் அந்தப் பெண் இதை வன்முறை என்றே எண்ணுவதில்லை. 2005 வீட்டு வன்முறைச் சட்டம் எண்ணுகிறது.

இன்னொன்று. பல வருடக் குடியைச் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். உயிரே போகலாம். கடையை மூடுவதென்றால் சிகிச்சைப் படுக்கைகளைக் கூட்டிவிட்டு மூடுங்கள்.

பாண்டியன்:
குடித்துவிட்டு வந்தவனிடம் அந்நேரம் கணக்குக் கேட்டால் சண்டைதான் வரும். விடிந்ததும் பேசலாமே? கேஸ் என்று போனால் குடும்பம் உடையும், பிள்ளைகள் தெருவுக்கு வரும்.

மலர்க்கொடி:
விடியும்போது கூலிக்காசு மிச்சம் இருக்காது, அண்ணா. பிள்ளைகள் இப்போதே பக்கத்து வீட்டுத் திண்ணையில்தான் தூங்குகிறார்கள்.

செந்தில்:
பாண்டியன் அண்ணா, கேஸ் போட்டால் பெண்தான் வெளியேற வேண்டும் என்பதில்லை. வீட்டு வன்முறைச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி கணவனை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். இனித் துன்புறுத்தக் கூடாது என்று தரும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. தானே விரும்பிக் குடித்துவிட்டு, போதையில் தெரியாமல் செய்தேன் என்பதும் சட்டத்தில் எடுபடாது.

மலர்க்கொடி:
உத்தரவு கைக்கு வரும்வரை ராத்திரி பத்து மணிக்கு யார் வருவார்கள்? கடைக்கு எதிரான மனுவில் கையெழுத்து வாங்குவதை நான் நிறுத்தப் போவதில்லை. ஆனால் மூன்றாவது வீட்டுப் பெண் புகார் கொடுக்கத் தயாராக இருக்கிறாள். எங்கே போகச் சொல்வது?

ரெஜினா:
மாவட்டச் சமூக நல அலுவலகத்தில், வீட்டு வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். இன்று ராத்திரியே ஆபத்து என்றால் மகளிர் உதவி எண் 181, எந்நேரமும் எடுப்பார்கள். காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கீழே விழுந்தேன் என்று சொல்லிவிடாமல், யார் அடித்தது என்பதைச் சீட்டில் எழுத வையுங்கள்.