மன்றத் தீர்மானம் போட்டா இன்ஸ்பெக்டர் வந்து பதில் சொல்லணுமா?

வார்டு கவுன்சிலர்:
எங்க பஸ் ஸ்டாண்டு புறக்காவல் நிலையத்துக்கு அறை கொடுத்தது பேரூராட்சி. கரண்ட் பில் கட்டுறதும் பேரூராட்சி. உள்ளே ஆள்தான் கிடையாது. ரேஷன் கடைச் சுவத்துல தொங்குற பட்டா புத்தகத்துல (ரோந்து வர்ற போலீஸ் கையெழுத்துப் போடுற நோட்டு) கடைசிக் கையெழுத்து பொங்கலுக்கு முந்தி போட்டது. மன்றத்துல கேட்டா செயல் அலுவலர் "அது நம்ம அதிகாரத்துல வராதுங்க"ன்னு அடுத்த பொருளுக்குப் போயிட்டார். தீர்மானம் போட்டு இன்ஸ்பெக்டரை வரவழைக்க முடியுமா?

கோர்ட் வாசல்:
முடியாதுங்க. அரசியல் சட்டத்துல போலீஸ் மாநில அரசோட அதிகாரப் பட்டியல்ல இருக்கு. 74-வது திருத்தத்தோட 12-வது அட்டவணையில நகர அமைப்புகளுக்கு 18 வேலை சொல்லியிருக்கு. தெருவிளக்கு உண்டு, சுடுகாடு உண்டு, போலீஸ் இல்லை. தீர்மானம் வெறும் வேண்டுகோள்தான்.

ஓய்வு எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்):
வேண்டுகோளா இருந்தாலும் போடுங்க தம்பி. ஆனா "ரோந்து சரியில்லை"ன்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க. எஸ்.பி. ஆபீஸ்ல இருந்து ஸ்டேஷனுக்கு அறிக்கை கேட்டு வரும், "ரோந்து முறையாக நடைபெற்று வருகிறது"ன்னு ரைட்டர் ஒரே வரியில முடிச்சிடுவார். அந்தப் பட்டா புத்தகத்துப் பக்கத்தைத் தேதி தெரிய போட்டோ எடுத்து இணைங்க. கையெழுத்து இல்லாத நாளுக்கு அந்த வரி செல்லாது. நகலை டி.எஸ்.பி.க்கும் அனுப்புங்க. அறை பேரூராட்சியோடதுங்கிறதையும் ஒரு வரி சேருங்க, அது உறைக்கும். இன்ஸ்பெக்டரோட மட்டும் சண்டைக்குப் போகாதீங்க. ஆள் பற்றாக்குறை அவர் கையில இல்லை.

கோர்ட் வாசல்:
ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஸ்டேஷன் சிசிடிவி பத்தி பரம்வீர் சிங் சைனி வழக்குல 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் மாவட்டக் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்லுச்சு. கலெக்டர், எஸ்.பி.யோட, மாவட்டத்துல உள்ள ஒரு மேயர் அல்லது மாவட்ட ஊராட்சித் தலைவருக்கும் அதுல இடம் உண்டு. பதிவை எடுத்துப் பார்த்து மனித உரிமை மீறல் இருக்கான்னு சோதிக்கிறதும் அவங்க வேலை. உங்க ரோந்துப் பிரச்சினைக்கு இது உதவாது. ஆனா உள்ளாட்சியில ஜெயிச்சவங்களுக்குப் போலீஸைக் கேட்க ஒரு நாற்காலி இருக்கு. அதையே யாரும் கேட்கிறதில்லை.

மத்தபடி, 2006-ல பிரகாஷ் சிங் வழக்குல, போலீஸ் மேல வர்ற புகாரை விசாரிக்கிற மாவட்டப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியைத் தலைவராப் போடச் சொல்லுச்சு உச்ச நீதிமன்றம். நம்ம தமிழ்நாட்டோட 2013 போலீஸ் சீர்திருத்தச் சட்டம் கலெக்டரைத் தலைவராக்கி, எஸ்.பி.யையே உறுப்பினராப் போட்டிருக்கு. யார் மேல புகாரோ அவங்க மேலதிகாரியே விசாரிக்கிற ஏற்பாடு!

வார்டு கவுன்சிலர்:
நன்றிங்க. போட்டோ எடுத்தாச்சு. கடைக்காரர் மட்டும், "என் பேரு வராம பாத்துக்கோங்க"ன்னு கேட்டுக்கிட்டார்.