ரம்யா கல்யாணம் குரூப்: டெல்லி டிக்கெட்

வசந்தா சித்தி (டெல்லி): [பலமுறை பகிரப்பட்டது] அவசரம்!! பிரபல விமான கம்பெனி இந்த மாசத்தோட மூடப் போகுது. டிக்கெட் எடுத்தவங்க உடனே கேன்சல் பண்ணவும். அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

வசந்தா சித்தி: நம்ம டிக்கெட்டும் அதுலதானோ? பதினோரு பேர்

கார்த்திக் (லண்டன்): எந்தக் கம்பெனின்னே போடலையே சித்தி

ஜோதி அத்தை: ஐயோ

ரகு சித்தப்பா: கேன்சல் பட்டன் எங்க இருக்கு?

மூர்த்தி மாமா: யாரும் எதையும் தொடாதீங்க!! இப்ப நாமளா கேன்சல் பண்ணா நிறையப் பணம் போயிடலாம். அவங்க கேன்சல் பண்ணாதான் முழுசா ரீஃபண்ட்.

மூர்த்தி மாமா: மீனம்பாக்கத்துல கணக்கு பார்த்தவன் சொல்றேன், கேளுங்க. டிக்கெட் காசு ரூபாயில வருது. விமான வாடகை, இன்ஜின் ரிப்பேர் எல்லாம் டாலர்ல போகுது, டாலர் ஏறினா செலவும் ஏறும். எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள்ள வரல, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வாட் வரி வேற வேற. வெளிநாட்டுலயும் லாபம் கொட்டல. 2025 ஜூன்ல ஐயாட்டா (உலக விமான கம்பெனிகளோட சங்கம்) போட்ட கணக்குல ஒரு பயணிக்கு 7.20 டாலர்தான் லாபம். அதனாலதான் இந்த மாதிரி வதந்தி சட்டுனு நம்பும்படியா இருக்கு.

ஜோதி அத்தை: மூர்த்தி, மூடுவானா மாட்டானா

மூர்த்தி மாமா: சொல்றேன்கா. கோ ஃபர்ஸ்ட் விமான கம்பெனி 2023 மே மாசம் நின்னப்போ டிக்கெட் வாங்க ஆள் இல்லாம நிக்கல. பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கிடைக்காம பாதி விமானம் தரையில கிடந்துச்சு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல்ல நின்னுச்சு, சம்பள பாக்கி அதுக்கு முன்னாடியே பேப்பர்ல வந்தாச்சு. ராத்திரியோட ராத்திரியா மூடல, அறிகுறி தெரிஞ்சுது. நம்ம பிளைட் தினமும் போய்க்கிட்டுதானே இருக்கு?

ரகு சித்தப்பா: போன தடவையும் இதையேதான் சொன்னீங்க மாமா. அந்தப் பணம் இன்னும் வரல

மூர்த்தி மாமா: அது ஏஜென்ட் கிட்ட ரொக்கமா கொடுத்தது ரகு. கொடுத்தது யாரு?

ரகு சித்தப்பா: 🤐

ரம்யா அம்மா: பழசு வேணாம் ப்ளீஸ்

வசந்தா சித்தி: அக்கா, குத்துவிளக்கு ஜோடியா எடுத்துட்டு வரேன். வெயிட் விடுவானா?

ரம்யா: சித்தி, ஆளுக்கு 15 கிலோ. அதிரச டப்பாவை ரகு சித்தப்பா பேர்ல போடுங்க

கார்த்திக்: இனிமே பையிலதான் இவங்க காசு பாப்பாங்க. அமெரிக்காவுல சவுத்வெஸ்ட் விமான கம்பெனி இத்தனை வருஷம் பையை ஓசியா ஏத்தினாங்க, 2025 மே மாசத்துலேர்ந்து அதுக்கும் காசு. இங்க மலிவு டிக்கெட்டுக்குப் பேர் போன இண்டிகோவே 2024 நவம்பர்ல பிசினஸ் கிளாஸ் கொண்டு வந்துட்டாங்க

ஜோதி அத்தை: நீ எப்போ வர்ற? டெல்லி வழியா வந்து சித்தியோட சேந்து வாயேன்

கார்த்திக்: பாகிஸ்தான் வான்வெளி 2025 ஏப்ரல்லேர்ந்து நம்ம கம்பெனிகளுக்கு மூடியாச்சு அத்தை, சுத்திக்கிட்டு வரணும். ஹீத்ரோலேர்ந்து நேரா சென்னை வந்துடறேன்

ஜோதி அத்தை: தனியாவா வர்ற? 😊

கார்த்திக்: அத்தை...

மூர்த்தி மாமா: விஷயத்துக்கு வாங்க. வசந்தா, டிக்கெட் கிரெடிட் கார்டுல எடுத்ததா? அப்படின்னா பேங்க்ல புகார் போட்டுப் பணம் கேக்க வழி இருக்கு. கம்பெனி திவாலானா கடன் கொடுத்த பேங்க்காரன் வரிசையில முன்னாடி நிப்பான். பயணி பின்னாடிதான். பொண்ணுக்கு சித்தி முகூர்த்தத்துக்கு இல்லன்னா நல்லாவா இருக்கும்? அதுக்குத்தான் இவ்வளவு சொல்றேன்.

வசந்தா சித்தி: ஆறு டிக்கெட் கார்டு. அஞ்சு இவர் எடுத்தார், கேக்கணும்

மூர்த்தி மாமா: கேளு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்லயும் அஞ்சு பெர்த் போட்டு வை. 60 நாள் முன்னாடிதான் ஓப்பன் ஆகும், முதல் நாள் காலையிலேயே போடணும்.

ரகு சித்தப்பா: ரெண்டு ராத்திரி ரயில்ல என்னால முடியாது

ஜோதி அத்தை: போன கல்யாணத்துல பிளைட்லதான் வந்தே, பந்தி முடிஞ்சு வந்தே

வசந்தா சித்தி: ரயில் டிக்கெட் காசு யார் போடறது?

ரம்யா அம்மா: ஞாயித்துக்கிழமை கால் போட்டுப் பேசலாம். பூக்காரருக்கு யாராவது அட்வான்ஸ் கொடுத்தீங்களா? போன் மேல போன் வருது