கிக்பேக்: தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்குள் வேண்டும்)

தொழிற்பயிற்சி ஆசிரியர், ஈரோடு மாவட்டம், செவ்வாய்

குழுவினருக்கு வணக்கம். ஃபிட்டர், வெல்டர் மாணவர்களுக்காக பேட்டரி மிஷின்களைப் பத்திரமாகக் கையாள்வது பற்றி எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். கிக்பேக் என்ற ஒரு சொல்லில் மட்டும் நிற்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆங்கிள் கிரைண்டர் என்பது தட்டு போன்ற வீலைச் சுழற்றி இரும்பை வெட்டவும் தேய்க்கவும் செய்யும் கைமிஷின். அதன் கட்டிங் வீல் பைப்புக்குள் ஓடும்போது பைப் தொய்ந்து வெட்டின வாய் மூடிக்கொண்டால் வீலைக் கவ்விப் பிடித்துவிடும். வீல் சுற்ற முடியாததால் அந்த விசை முழுக்க மிஷினுக்குத் திரும்பி, பிடித்திருக்கும் கையோடு தூக்கி அடிக்கும். 125 மில்லிமீட்டர் வீல், நிமிடத்துக்கு 8,500 சுற்று என்றால் விளிம்பின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர், யோசிக்க நேரமே கிடைக்காது. போன மாதம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வீலை மறைக்கும் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஸ்கொயர் பைப் வெட்டிய பையனுக்குத் தாடையில் பதினோரு தையல். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"பின்னுதைப்பு" என்று போட்டிருக்கிறேன், துப்பாக்கிக்குச் சொல்வது. சரிதானா?


ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாளையங்கோட்டை, செவ்வாய்

தம்பி, பொருள் சரி, சொல் நீளம். "எற்று" என்று நல்ல வினைச்சொல் இருக்கிறதே. எற்றுதல் என்றால் மோதுதல், உதைத்தல், எறிதல். அலை கரையை எற்றும் என்போம். முன்னே "பின்" சேர்த்தால் பின்னெற்று, முதனிலைத் தொழிற்பெயர். செத்த சொல் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். நேற்று நேத்து ஆனது போல, காற்று காத்து ஆனது போல, எற்று எத்து ஆகி இன்றைக்கும் வாயில் புழங்குகிறது. "மாடு எத்திருச்சு" என்கிறவர்களைக் கேட்டதில்லையா? எத்துப்பல் கூட வெளியே எற்றித் தள்ளிய பல்தான் என்பது என் துணிபு.

கையேட்டில் ஆங்கிள் கிரைண்டர் என்று அப்படியே விட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். கைச்சாணை என்று போடலாம்.


மொழிபெயர்ப்பாளர், சென்னை, செவ்வாய் இரவு

ஐயா, எத்துப்பல் வரைக்கும் போய்விட்டோம், பையன்கள் பட்டறையில் நிற்கிறார்கள். "எற்று" என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது "எற்றிற்கு உரியர் கயவர்" என்ற குறள்தான். அங்கே அது "எதற்கு" என்று கேட்கிற வினா. படித்தவர்களுக்கே இப்படிக் குழம்பினால் பதினேழு வயதுப் பையனுக்கு? அப்புறம், சாணை வடசொல். தனித்தமிழ் வேண்டும் என்றால் அதையும் அல்லவா விட வேண்டும்? எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை, சாணை பிடிக்கிறவர் எங்கள் தெருவுக்கு இன்னமும் வருகிறார், ஆனால் அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் கிக்பேக் என்றே இருக்கட்டும். காயம் படுகிற விஷயத்தில் பழகிய சொல்தான் முதலில் காதில் ஏறும்.


இயந்திரத் தொழிலாளர், ஸ்டுட்கார்ட் (ஊர் யாழ்ப்பாணம்), புதன்

வணக்கம். இருபது வருடமாக இந்த மெஷினோடுதான் வேலை. 1954இல் அதிவேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தது ஃபிளெக்ஸ் நிறுவனம், இங்கே எல்லோரும் அந்த மெஷினையே ஃபிளெக்ஸ் என்றுதான் சொல்வார்கள், வினைச்சொல்லும் அதிலிருந்தே. கிக்பேக்குக்கு ஜெர்மன் கையேடுகளில் ரூக்‌ஷ்லாக் என்று இருக்கும், சொல்லுக்குச் சொல் பார்த்தால் பின்னடி.

ஆனால் ஆசிரியர் ஐயா, "பின்" என்பதே பிழை என்று நினைக்கிறேன். வீல் கவ்வப்பட்ட இடத்தில் விளிம்பு எந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் மெஷின் பாயும். விளிம்பு உங்களை விட்டு அப்பால் ஓடினால் மெஷின் உங்கள் மேல் வரும், உங்களை நோக்கி ஓடினால் முன்னால் பாயும். "பின்" என்று படித்த பிள்ளை முன்னால் நிற்கிற கூட்டாளியைப் பற்றி நினைக்காது. வீலின் நேர்கோட்டில் யாருமே நிற்கக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

இன்னொன்று, பற்றரியைக் கழற்றாமல் வீல் மாற்றக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். வயர் மெஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் கைக்கே இருக்கும். இதில் பிடுங்க ஒன்றும் இல்லை, அதனால் மறந்துபோகும்.


இயற்பியல் விரிவுரையாளர், மதுரை, புதன்

கார்ட்லெஸ், அதாவது மின்வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுவது என்பதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? கம்பியில்லா என்றால் கம்பியில்லாத் தந்தி ஞாபகம் வருகிறது, அது வயர்லெஸ். வடமிலி என்றால்? வேரிலி, இலையிலி போல. பேட்டரிக்கும் மின்கல அடுக்கு என்றே எழுதலாம். 18 வோல்ட் என்பதே 3.6 வோல்ட் லித்தியம் கலங்கள் ஐந்து அடுக்கியதுதானே, பெயரே பாடம் நடத்திவிடும். முழு சார்ஜில் கலத்துக்கு 4.2 வோல்ட், ஆக 21. சில கம்பெனிகள் அதே அடுக்கை 20 வோல்ட் என்று விற்பதும் இந்தக் கணக்கால்தான்.


தொழிற்பயிற்சி ஆசிரியர், வியாழன்

எல்லோருக்கும் நன்றி. பட்டறைகளில் அதைப் பேட்டரி மிஷின் என்கிறார்கள், இல்லாததைச் சொல்லாமல் இருப்பதைச் சொல்கிற பெயர், அதையே வைத்துக்கொள்கிறேன். ஐயா மன்னிக்கவும், கைச்சாணையும் இல்லை, ஆங்கிள் கிரைண்டரை ஏஜி ஃபோர் என்று கேட்டால்தான் கடையில் எடுத்துத் தருவார்கள். மின்கல அடுக்கை ஓர் இடத்தில் சேர்த்துவிட்டேன்: டூல் பாக்ஸில் ஆணி, ஸ்க்ரூவோடு பேட்டரியைப் போட்டால் முனைகள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் என்று சொல்லும் பத்தியில். உள்ளே ஐந்து கலம் இருப்பது தெரிந்தால் பயம் வரும்.

ஸ்டுட்கார்ட் நண்பர் சொன்னது மண்டையில் அடித்தது போல இருந்தது. "பின்" போய்விட்டது. இன்று காலை நாலு பட்டறையில் போய், வீல் மாட்டிக்கொண்டால் மிஷின் என்ன செய்யும் என்று கேட்டேன். மூன்று பேர் "எகிறும்" என்றார்கள், ஒருவர் "தூக்கிடும்" என்றார். எகிறு, எகிறல், எகிறாமல் என்று எல்லா வடிவமும் தடையில்லாமல் வருகிறது. "வெட்டு வாய் விரிகிற மாதிரி பைப்பைத் தாங்கி வை, எகிறாது" என்று எழுதிப் பார்த்தேன், படித்த பையன் ஒன்றும் கேட்காமல் தலையாட்டினான்.


மொழிபெயர்ப்பாளர், சென்னை, வியாழன்

எகிறல் நன்றாக இருக்கிறது. தங்கம் விலை எகிறியது என்றும் போடுகிறார்கள், என்றாலும் பட்டறையில் அந்தக் குழப்பம் வராது. நான் கிக்பேக்கை விட்டு இதற்கு வருகிறேன், முதல் பக்கத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். கடையில் மிஷினோடு வருகிற தாளில் அவன் கிக்பேக் என்றுதான் பார்ப்பான்.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வியாழன் இரவு

"பின்" தவறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். எற்றை விட மாட்டேன். எகிறு செயப்படுபொருள் குன்றிய வினை, யாரை, எதை என்று கேட்காது. மிஷின் எகிறியது, அவ்வளவுதான், கதை முடிந்தது. எற்று அப்படியல்ல, எற்றியது என்றவுடனே "யாரை?" என்று கேட்கத் தோன்றும். யாரை என்ற கேள்விக்கு விடை அந்தப் பையனின் தாடை. ஆபத்தைச் சொல்லும் சொல்லில் ஆள் இருக்க வேண்டாமா?


விரிவுரையாளர், மதுரை, வெள்ளி காலை

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இன்று மாலை அச்சு. எகிறலுக்கு என் ஓட்டு.


இயந்திரத் தொழிலாளர், ஸ்டுட்கார்ட், வெள்ளி

எனக்கும் சம்மதம். வீலின் நடுவளையத்தில் காலாவதி மாதம் அடித்திருக்கும், அதைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.


தொழிற்பயிற்சி ஆசிரியர், வெள்ளி பிற்பகல்

சேர்த்துவிட்டேன். எகிறல் என்றே போகிறது, முதல் பக்கத்தில் கிக்பேக்கும் உண்டு. ஐயா, உங்கள் "யாரை" என்ற கேள்வியைப் படத்தின் கீழே எழுதியிருக்கிறேன்: "எகிறினால் யார் மேல் படும்? பார்த்துவிட்டு ஸ்விட்சைப் போடு."


ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வெள்ளி மாலை

நன்று, மகிழ்ச்சி. ஆனாலும் வகுப்பில் ஒருநாள் எகிறும் என்று சொல்லாமல் "எத்தும்" என்று வாயால் சொல்லிப் பாருங்கள். யாராவது அர்த்தம் கேட்டார்களா என்று எனக்கு எழுதுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடியும் வருகிறேன்.