மூடிய மாணிக்கக் குழிக்கு மேல் பைனஸா, புல்லா?

மலைச்சாரல்:
பொகவந்தலாவைப் பக்கம் களவாக மாணிக்கம் தோண்டிய துண்டொன்றை மண் தள்ளி மூடிவிட்டார்கள். மழைக்கு முன் இளைஞர்கள் சேர்ந்து பைனஸ் என்ற ஊசியிலை மரம் நடப்போகிறோம். சீக்கிரம் வளரும், மாடும் கடிக்காது. ஆட்சேபனை உண்டா?

பழைய கணக்கப்பிள்ளை:
உண்டு தம்பி. பைனஸ் ஊசி இலை மெத்தை போல விழுந்து கிடக்கும். மாசி, பங்குனி வெயிலில் ஒரு தீக்குச்சி போதும். அதைவிடப் பெரிய சிக்கல் மண். தோண்டும்போது முதலில் வெளியே வரும் மேல்மண் மூடும்போது அடிக்குப் போய்விடும். மேலே மிஞ்சுவது இல்லத்தை, அதாவது மாணிக்கம் கிடைக்கும் சரளைப் படையை, கழுவிக் கொட்டிய கல்லும் மணலும் களியும்தான். அதில் கன்று எப்படிப் பிடிக்கும்? தேயிலை பிடுங்கிய மலையில் மறுபடி நடுவதற்கு முன் மானாப் புல்லோ குவாத்தமாலா புல்லோ ஒன்றரை, இரண்டு வருடம் வளர்த்து, வெட்டி அங்கேயே பரப்புகிறோமே, அதையே இங்கேயும் செய்யுங்கள்.

மலைச்சாரல்:
ஐயா, குவாத்தமாலாவை லயத்துச் சனம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள்) மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போய்விடும். மண்ணில் எதுவும் மிஞ்சாது. சிங்கராஜக் காட்டோரம் பைனஸ் வரிசைகளை வெட்டி, இடையில் நாட்டு மரம் வளர்த்துக் காட்டியிருக்கிறார்களே?

பழைய கணக்கப்பிள்ளை:
அது தாழ்ந்த ஈரவலயம், குழி தோண்டிக் குலைத்த மண்ணும் அல்ல. நீங்கள் இருப்பது நாலாயிரம் அடிக்கு மேலே.

ஊவாக்காரி:
இரண்டு பேரும் நடுவதையே பேசுகிறீர்கள், தண்ணீர் எங்கே போகும்? மூடிய குழி உடனே இறுகாது. மழைக்கு அமுங்கி, பள்ளத்தில் நீர் தேங்கி உள்ளே ஊறும். 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்து மலை சரிந்தது சுரங்கத்தால் அல்ல, ஆனால் நீர் ஊறிய மலை என்ன செய்யும் என்று அன்று பார்த்தோம். முதலில் மேட்டுப் பக்கம் கான் (வடிகால்) வெட்டி நீரைத் திருப்புங்கள். அப்புறம் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில் வெட்டிவேர் வரிசை. அது மேல்மண் அரிப்பைத்தான் தடுக்கும், ஆழமான சரிவைத் தடுக்காது. வெட்டிவேருக்கு நிழலும் ஒத்துவராது, அதனால் மரத்தை நெருக்கி நடாதீர்கள்.

மலைச்சாரல்:
கான் வெட்ட யார் காசு? உரிமத்தோடு தோண்டியிருந்தால் நிலத்தைச் சீர்செய்வதற்கென்று இரத்தினக்கல் ஆபரண அதிகார சபையில் கட்டிய பிணைப்பணமாவது இருக்கும். இது களவு வேலை, பிணையும் இல்லை, ஆளும் இல்லை. கன்று மட்டும்தான் இலவசமாகக் கிடைக்கிறது!

பழைய கணக்கப்பிள்ளை:
இலவசம் என்று எதையும் நடுவதா? கான் வெட்டத் தெரியாதவன் தோட்டத்தில் இருக்கிறானா? மண்வெட்டியோடு சிரமதானம் வையுங்கள்.

ஊவாக்காரி:
கீழே லயம் இருக்கிறதா? இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதி, ஆள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாதீர்கள்.

மலைச்சாரல்:
லயம் இல்லை அக்கா. கீழே கெசல்கமு ஓயா என்ற ஆறு. வண்டல் நேரே காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும்.

பழைய கணக்கப்பிள்ளை:
அப்படியானால் ஓயாக் கரையிலிருந்து மேல்நோக்கி வெட்டிவேர் போடுங்கள். நாற்றுக்கு நாற்று அரை அடிக்கு மேல் இடைவெளி விடாதீர்கள்.

மலைச்சாரல்:
சரி, கரைக்கு வெட்டிவேர். மேட்டுக்குப் பைனஸ்தான், கன்றுக்குச் சொல்லிவைத்தாயிற்று.

பழைய கணக்கப்பிள்ளை:
அதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.