சித்திரவதை ஒப்பந்தத்துல இந்தியா இருக்கா இல்லையா?

கேள்வி: 1997லயே ஐநா சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்து போட்டுச்சே, அப்புறம் ஏன் லாக்கப் டெத் கேஸ்ல யாரும் அதை பேசுறதே இல்ல?

பதில்: கையெழுத்து மட்டும்தான் ப்ரோ, ராட்டிஃபை பண்ணல, அதாவது அதுக்குக் கட்டுப்படுறோம்னு முறைப்படி ஏத்துக்கல. 2010ல மக்களவைல சித்திரவதை தடுப்பு மசோதா பாஸ் ஆச்சு, மாநிலங்களவைல அதை ஆராயுற தேர்வுக்குழுவுக்குப் போயி அப்படியே காலாவதி.

இன்னொருத்தர்: அதுக்காக சட்டமே இல்லன்னு இல்லீங்க. உச்ச நீதிமன்றத்தோட டி.கே.பாசு தீர்ப்புல அரெஸ்ட் மெமோ (கைது பண்ணதுக்கான எழுத்துப் பதிவு), வீட்டுக்கு தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருக்கா மெடிக்கல் செக்கப்னு 1996லயே சொல்லியாச்சு, வாக்குமூலம் வாங்க அடிச்சா அதுவே தனி குற்றம், ஆனா சாட்சி யாரு, ஸ்டேஷனுக்குள்ள இருந்தவங்க எல்லாம் போலீஸ்தானே. 2020 சாத்தான்குளம் அப்பா-மகன் லாக்கப் டெத் கேஸ்ல ஒரு பெண் காவலர் மாஜிஸ்திரேட்கிட்ட வாய்திறந்தாங்க பாருங்க, அதெல்லாம் அபூர்வம். அந்த ஸ்டேஷன்ல சிசிடிவி பதிவு வேற அன்னன்னைக்கே அழியற மாதிரி செட்டிங்!

கேட்டவர்: அப்ப வீட்டுல உள்ளவங்க முதல்ல என்னண்ணே கேக்கணும்?

பதில்: மெமோ காப்பி. தரலன்னா உடனே வக்கீல், மாஜிஸ்திரேட்.