புதுப்பிப்பு: காய் அடி கறுத்த தக்காளிச் செடி தேறிவிட்டது

தக்காளிக் காய்களின் அடிப்பகுதி கறுத்துக் குழிவதாக மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். நோய் என்று பயந்தது தவறு. சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வரும் கோளாறு அது. பெரும்பாலும் மண்ணில் சத்து குறைந்து அல்ல, ஈரம் ஏறி இறங்குவதால் வருகிறது. நானோ ஒரு நாள் வெள்ளமாக ஊற்றிவிட்டு மூன்று நாள் காயவிட்டிருந்தேன்.

கறுத்த காய்களைப் பறித்துவிட்டேன், அவை தேறாது. காய்ந்த இலைகளை 5 செ.மீ. உயரத்துக்கு, தண்டைத் தொடாமல் பரப்பினேன். காலையில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் வேர் நனைய நீர் விடுகிறேன். புதிதாகப் பிடித்த காய்களில் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. முதல் பழத்தை நேற்றுப் பறித்தேன். இலையின் வாசம் விரலிலேயே நின்றது, கழுவ மனம் வரவில்லை!

பூ உதிர்வது மட்டும் நிற்கவில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் செயலிழக்கிறது. வெயில் தணியும்வரை பொறுக்கத்தான் வேண்டும். அதற்காக உரத்தைக் கூட்டிவிடாதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் அடி கறுப்பு திரும்பவும் வரும்.

வெண்டையை இரண்டு நாளுக்கு ஒரு முறை பறிக்கிறேன். விட்டால் முற்றி நாராகிவிடுகிறது, புதுக் காய்ப்பும் குறைகிறது.