கடையில் நிற்கிற பிள்ளைகளும் நமது காலைப் பூசையும்

கணக்குப்பிள்ளை எழுதியது:

நாகர்கோவிலில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி நம்ம கத்தோலிக்கர்தான். தினமும் காலைப் பூசைக்குப் போவார், பத்தாம் திருவிழாவுக்கு நோட்டீசில் அவர் பெயர் இல்லாமல் இருக்காது, தவக்காலம் முழுக்க இறைச்சி தொடாத சுத்தபோசனம். அவர் கடைப் பெண்கள் காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பது வரை நின்றபடியே வேலை பார்க்கிறார்கள். 2021-இல் தமிழ்நாட்டில் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்று கொண்டுவந்தார்கள் அல்லவா, அப்போது இவரும் ஸ்டூல் வாங்கினார். பில் என் கைவழியாகத்தான் போனது. அந்த ஸ்டூல்கள் இன்றைக்கும் குடோனில் ஒன்றின்மேல் ஒன்றாக, பாலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. ஞாயிறுதான் வியாபாரம் அதிகம், அதனால் அன்றைக்கு யாருக்கும் லீவு கிடையாது. கத்தோலிக்கப் பெண்கள் முதல் பூசைக்கு ஓடிப்போய்விட்டு, நன்றி செபம்கூடச் சொல்லாமல் பஸ் பிடிக்கிறார்கள்.

இதை நான் இங்கே போடுவதற்குக் காரணம், நம் பங்குகளில், அதாவது ஊர்க் கோயில் சமூகங்களில், நவநாள் (ஒன்பது நாள் செபம்), அன்பியம் (அக்கம்பக்கத்து வீடுகளின் செபக்குழு), கெபி (மாதா குகை), கொடிமரம் எல்லாவற்றையும் பேசுகிறோம், ஒருவர் சம்பாதிக்கிற இடத்தில் எப்படி இருக்கிறார் என்பதை மட்டும் பேசுவதில்லை. எனக்குத் தெரிந்து விசுவாசம் அங்கேதான் தெரியவேண்டும். இந்த மாதிரி ஆட்களிடம் திருவிழா நன்கொடையைப் பங்கு வாங்கவே கூடாது என்பது என் கட்சி.

சேனைக்காரன் எழுதியது:

அண்ணே, அவருடைய கணக்கைப் பார்க்கத்தான் உங்களுக்குச் சம்பளம், மனசைப் பார்க்க இல்லை. அவர் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று என்ன சொல்லி அழுகிறார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஸ்டூல் கொடுக்காதது தப்பு, அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை கோயிலை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. "நல்ல மனுஷனா இருந்தா போதும், பூசை எதுக்கு" என்று மறைக்கல்வி வகுப்பில் பத்தாம் வகுப்புப் பையன் என்னிடமே கேட்கிறான். வீட்டில் ஜெபமாலை நின்றுவிட்டது, சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போடுவது நின்றுவிட்டது. நீங்கள் வேலையைக் கோயிலுக்கு எதிராக நிறுத்தினால் கடைசியில் இரண்டுமே போய்விடும்.

நான் மரியாயின் சேனை என்ற பக்த சபையில் இருக்கிறேன், வேலை ஒரு கூட்டுறவு சங்கத்தில் காசாளர். நகைக்கடன் பிரிவில் தப்பான சீட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், கேட்பதற்கு ஆள் இல்லை என்ற நிலைமை எத்தனையோ தடவை வந்திருக்கிறது. போடவில்லை. காரணம் நான் நல்லவன் என்பதில்லை, ராத்திரி படுக்கும் முன்னே ஆத்தும சோதனை செய்கிற பழக்கம், அப்புறம் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியாரிடம் போய் அதைச் சொல்லியாக வேண்டுமே என்ற பயம். அந்தப் பழக்கம் எனக்குக் கோயிலில்தான் கிடைத்தது.

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். மாதத்தில் பாதி ஞாயிறு எனக்கு டியூட்டி. "என்னம்மா, பூசையில் ஆளையே காணோம்" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறவர்கள் எங்கள் பங்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் குடும்பத்தின் அவசரத் தேவையும் ஞாயிறு பூசைக் கடனிலிருந்து விலக்குத் தரும் காரணங்கள் என்று திருச்சபையே சொல்கிறது. சனிக்கிழமை மாலைப் பூசையும் கணக்கில் சேரும். முடிந்தபோதெல்லாம் அதற்குப் போகிறேன்.

சேனைக்காரன் அண்ணன் சொன்ன ஜெபமாலை பற்றி. எங்கள் வீட்டில் தினமும் உண்டு. ஆனால் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டுக்கு வரும் நாளில் நடப்பதைக் கேளுங்கள். நைட் டியூட்டி முடித்து வந்து வீடு பெருக்கி, பாய் விரித்து, மெழுகுவர்த்தி வைத்து, சுண்டல் அவித்து, காபி போட்டு வைப்பது நான். வேதாகமம் வாசித்து, பகிர்வு நடத்தி, "குடும்பமே குட்டித் திருச்சபை" என்று பேசுவது என் கணவர். அவர் கெட்டவர் இல்லை, கோயில் வேலை என்றால் முதலில் நிற்பார், திருவிழாவுக்கு விடிய விடியத் தோரணம் கட்டுவார். வீட்டில் ஒரு தம்ளர் கழுவி வைப்பதும் ஆண்டவருக்குச் செய்வதுதான் என்று மட்டும் அவருக்கு யாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. கடை முதலாளியைப் பற்றிப் பேசுகிற எல்லா ஆண்களும் அவரவர் வீட்டுச் சமையலறையையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

கடலோரத்தான் எழுதியது:

ஞாயிறு விஷயத்தில் எங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்கிறேன். குமரிக் கடற்கரையில் நிறைய ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஊர்க்கட்டுப்பாடு. மீறினால் அபராதம். வெளியூர்க்காரர்கள் இதை மூடப்பழக்கம் என்பார்கள், நம்ம படித்த பிள்ளைகளும் "அவனவன் விருப்பத்துக்கு விடு" என்பார்கள். விருப்பத்துக்கு விட்டால் நடப்பது என்ன தெரியுமா? பெரிய எஞ்சின் வைத்திருக்கிறவன் ஞாயிறும் போவான், திங்கள்கிழமை ஏலத்தில் விலை விழும், அப்புறம் கட்டுமரக்காரனும் வள்ளக்காரனும் ஞாயிறு போகாமல் பிழைக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே கட்டு இருப்பதால்தான் ஏழை ஓய்வு எடுக்க முடிகிறது. என் அப்பா எங்களோடு உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்ற ஒரே நாள் ஞாயிறு. அந்த ஜவுளிக்கடைப் பெண்களுக்கு அந்த ஒருநாள் இல்லை, அதுதான் எனக்கு ஸ்டூலைவிடப் பெரிய குறை.

சேனைக்காரன் எழுதியது:

கடலோரத்தான், நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம். ஊருக்கே ஓய்வு கிடைத்தது பூசையைச் சுற்றித்தானே? பூசையை எடுத்துவிட்டால் அந்தக் கட்டு எத்தனை வருஷம் நிற்கும்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கட்டுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. விசைப்படகுகளுக்கு வருஷத்தில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதோடு புயல் எச்சரிக்கை, காற்று நாட்கள், அதற்கு மேலே எல்லா ஞாயிறும். வட்டிக்கு வாங்கி வலை போட்டவன் ஒரு ஞாயிறு போனால் அவனுக்கு அபராதம் போட்டு அதைக் கோயில் கணக்கில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்? தூத்தூர் பக்கத்து ஆழ்கடல்காரர்கள் வாரக்கணக்கில் தங்கல் போகிறார்கள், அவர்களுக்கு ஞாயிறு நடுக்கடலில்தான்.

கடலோரத்தான் எழுதியது:

அபராதம் கோயிலுக்குப் போகக்கூடாது என்பதை நானும் ஊர்க்கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், நலிந்த குடும்பத்துக்கு நிதியாகப் போகட்டும் என்று. கட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தங்கல் போகிறவர்கள் விஷயம் வேறு. பூசைக்கு வழியே இல்லாத இடத்தில் குடும்பமாகவோ கூட்டமாகவோ செபத்தில் நேரம் செலவிடச் சொல்லித் திருச்சபைச் சட்டமே பரிந்துரைக்கிறது. என் மாமா போகும் போட்டில் ஞாயிறு காலை டிரைவர் எஞ்சினை நிறுத்தச் சொல்லி எல்லாரும் அணியத்தில், படகின் முன்பக்கத்தில், உட்கார்ந்து ஒரு ஜெபமாலை முடித்துவிட்டுத்தான் வலையில் கை வைப்பார்கள். அந்தப் போட்டில் பங்கு பிரிப்பதிலும் சண்டை வந்ததில்லை, சொல்லிவிடுகிறேன்.

பழைய உபதேசியார் எழுதியது:

பிள்ளைகளே, நான் குறுக்கே வருகிறேன். இரண்டு பக்கமும் பாதி பாதி வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள், ஆனால் என் தீர்ப்பு கணக்குப்பிள்ளை பக்கம்தான் அதிகம் சாய்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் ஏழாம் கட்டளை பகுதியை எடுத்துப் பாருங்கள், 2409-ஆம் எண். திருட்டு என்றால் பீரோவை உடைப்பது என்று நாம் நினைக்கிறோம். அங்கே வியாபார மோசடி, அநியாயக் கூலி, பிறர் நெருக்கடியைப் பயன்படுத்தி விலை ஏற்றுவது, வரி ஏய்ப்பு, போலி பில், ஒழுங்காகச் செய்யாத வேலை வரைக்கும் வரிசையாக வருகிறது. ஒழுங்காகச் செய்யாத வேலை! முதலாளிக்கு மட்டும் இல்லை, பதினோரு மணிக்கு ஆபீசுக்குப் போய் நான்கு மணிக்குக் கிளம்புகிறவருக்கும் சேர்த்துத்தான். நாற்பது வருஷம் மறைக்கல்வி கேட்டவர்கள்கூட இதைக் கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள். 2187-இல் இன்னொன்று, ஞாயிறு அனுசரிக்க முடியாதபடி மற்றவர்கள்மேல் தேவையில்லாத வேலையைச் சுமத்தக்கூடாது என்று. யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் ஆண்டவர் காதுக்கு எட்டிவிட்டது என்று வருகிறது. இது அந்த முதலாளிக்கு மட்டுமா, பூசை முடிந்த கையோடு குடும்பமாக ஜவுளிக்கடைக்குப் போகிறவர்களுக்கும்தான்.

குருவும் துறவியும் அல்லாத பொதுநிலையினர் என்றால் சாமியாருக்கு உதவியாள் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே உலகக் காரியங்களைக் கடவுளுக்கேற்ப நடத்துவதுதான் அவர்களுடைய அழைப்பு என்று சொல்லியாயிற்று. 1965-இல் இன்னும் வெளிப்படையாக, சொல்லும் விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே இருக்கிற பிளவு இந்தக் காலத்தின் கடுமையான தவறுகளில் ஒன்று என்றது. 1891-இல் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலில் நியாயக் கூலியும் ஞாயிறு ஓய்வும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இப்போதைய திருத்தந்தை 2025-இல் லியோ என்ற பெயரை எடுத்ததற்கும் அந்த மடலைத்தான் காரணமாகச் சொன்னார்.

சேனைக்காரன் எழுதியது:

உபதேசியார் ஐயா, உங்களிடம்தான் படித்த மாதிரி மரியாதையோடு சொல்கிறேன், அதே சங்கம்தான் திருவழிபாடு திருச்சபையின் செயல்களுக்கெல்லாம் சிகரமும் ஊற்றும் என்றும் சொன்னது. ஊற்றை விட்டுவிட்டு வாய்க்காலை மட்டும் தூர் வாரினால் வயலுக்குத் தண்ணீர் வராது.

மார்ட்டின் தம்பதியை எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தை தெரசாவின் பெற்றோர், 2015-இல் புனிதர் பட்டம். அவர் கடிகாரக் கடை, அந்த அம்மா லேஸ் தொழில், தனக்குக் கீழே பெண்களை வைத்து நடத்தினார். இரண்டு பேரும் விடியற்காலைப் பூசைக்குத் தினமும் போனவர்கள். பூசைதான் கடைக்கு வழி காட்டியது. நம் புனித தேவசகாயமும் அப்படித்தான். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, மனைவி இருந்தார், சாமியாரும் இல்லை துறவியும் இல்லை. 1752 ஜனவரி 14-ஆம் தேதி காற்றாடிமலையில் அவரைச் சுட்டது நேர்மையாக வேலை பார்த்ததற்காக இல்லை, கிறிஸ்துவை மறுதலிக்க மாட்டேன் என்றதற்காக.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மார்ட்டின் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட்டம் வரும் நாளில் வியாபாரம் போனாலும் போகட்டும் என்று அடைத்தார். நான் கேட்பதும் அதைத்தானே? பூசைக்குப் போகாதே என்று நான் எங்கே சொன்னேன்?

தேவசகாயம் கிறிஸ்துவுக்காகச் செத்தார், சரி. ஆனால் ஞானஸ்நானம் வாங்கியபின் எல்லாச் சாதியாரோடும் கலந்து, எல்லாரும் சமம் என்று நடந்ததும் அவர்மேல் இருந்த கோபத்தில் சேர்ந்ததுதான். வீட்டோடு ரகசியமாக செபம் சொல்லிக்கொண்டு, அரண்மனையில் பழையபடியே நடந்திருந்தால் அவ்வளவு பகை வந்திருக்குமா?

பழைய உபதேசியார் எழுதியது:

அவர் 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான் பின்னாளில் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் நின்றது. 1910-இல் இடித்தார்கள். இன்றைக்கு நம் வீட்டுக் கல்யாணப் பேச்சைக் கேட்டால் சுவர் எங்கே போயிருக்கிறது என்று தெரியும். தரகரிடம் முதலில் "ஆர்.சி. தானே" என்று கேட்கிறோம், அடுத்த மூச்சிலேயே சாதியைக் கேட்கிறோம். எவ்வளவு ஜெபமாலை சொல்லும் குடும்பமாக இருந்தாலும் பையன் வேறு சாதிப் பெண்ணைக் கூட்டி வந்தால் அன்றைக்குத்தான் விசுவாசம் பரீட்சைக்கு வருகிறது. இதைப் பேச இன்னொரு நாள் தனியாகத் தொடங்குங்கள், நான் வருகிறேன்.

இரவுப்பணி எழுதியது:

நன்கொடையை வாங்கக்கூடாது என்பதில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. வாங்கவில்லை என்றால் அவர் பக்கத்துப் பங்குக்குக் கொடுப்பார், அந்தப் பெண்கள் அப்படியே நிற்பார்கள். வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றவளுக்குத்தான் தெரியும், சாயங்காலத்தில் கணுக்கால் வீங்கி செருப்பு உள்ளே போகாது. மாதவிலக்கு நாளில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? முதலில் ஸ்டூல் இறங்கட்டும், ஞாயிறு முறைவைத்து லீவு கிடைக்கட்டும். இதுவரை அவரிடம் யாராவது நேரில் பேசினீர்களா?

சேனைக்காரன் எழுதியது:

சகோதரி கேட்டதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். மத்தேயு 18-இல் ஆண்டவர் என்ன சொல்கிறார், சகோதரன் தப்புச் செய்தால் முதலில் தனியே போய்ச் சொல். இங்கே வந்து பொதுவில் எழுதுவதற்கு முன்னே அதைச் செய்தீர்களா அண்ணே?

கணக்குப்பிள்ளை எழுதியது:

செய்தேன். போன மாதக் கணக்கை ஒப்படைக்கும்போது கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். உட்கார விட்டால் போனை நோண்டுவார்கள், வாடிக்கையாளர் வந்தால் எழுந்திருக்க மாட்டார்கள், மரியாதை போய்விடும் என்றார். கோபப்படவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அதே மத்தேயு 18-இல் அடுத்த வசனம், அவன் கேட்காவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ என்று இருக்கிறது. நீங்களும் அவரைப்போலக் காலைப் பூசையில் நிற்கிறவர் என்றால் என் பேச்சைவிட உங்கள் பேச்சு எடுபடும். வருவீர்களா?

சேனைக்காரன் எழுதியது:

வருகிறேன். எந்தக் கடை, எந்தப் பங்கு என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஆனால் நன்கொடைப் பேச்சை அங்கே எடுத்தால் நான் எழுந்து வந்துவிடுவேன், அதில் நான் இன்னும் உங்கள் கட்சி இல்லை. ஸ்டூலும் ஞாயிறு லீவும் மட்டும். சகோதரியும் நேரம் இருந்தால் வரட்டும், நின்றே வேலை பார்க்கும் உடம்பு என்ன ஆகும் என்று அவர் சொன்னால் நம் இரண்டு பேரை விடவும் நன்றாகச் சொல்வார்.

இரவுப்பணி எழுதியது:

வியாழன் எனக்கு ஆஃப். காலைப் பூசை முடிந்ததும் போகலாம், கடை திறக்கும் முன்னே.